நம் தோட்டப்புறத்தில் நான்கு பருவங்கள் உண்டா?

தமிழ்ப்பள்ளி ஆசிரியர் பணியிலிருந்து ஓய்வு பெற்ற நாள் முதலாக, நமது அறநிலையத்தின் ஞாயிறு சமய வகுப்பில் பாடம் சொல்லும் வாய்ப்பு எனக்குக் கிட்டியிருக்கிறது. அவ்வகுப்பில் ஒரு மார்கழி மாதம் நிகழ்ந்ததை அன்பர்களிடம் சொல்லி, அதிலிருந்தே இக்கட்டுரையைத் தொடங்குகிறேன்.

மார்கழியின் சிறப்பைப் பிள்ளைகளுக்கு விளக்கிக் கொண்டிருந்தேன். பனி கொட்டும் விடியற்காலையில் எழுந்து, குளிர்ந்த நீரில் நீராடி, வாசலில் கோலமிட்டு, இறைவனைப் பாடிப் பரவும் மாதம் அது என்றேன். முதல் நாள் பெய்த மழையின் புழுக்கம் வகுப்பறையை நிறைத்திருந்தது. தலைக்கு மேலே இரண்டு மின்விசிறிகள் முழு வேகத்தில் சுழன்று கொண்டிருந்தன. பத்து வயதுச் சிறுமி ஒருத்தி கையைத் தூக்கினாள்.

"ஐயா, பனி எங்க ஐயா கொட்டுது?"

மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. "ஸ்கூல் புத்தகத்துல நாலு பருவம்னு படம் போட்டிருக்கு. ஒண்ணுல இலையெல்லாம் சிவப்பா விழுது, ஒண்ணுல வெள்ளையாப் பனி பெய்யுது. நீங்க ஆறு பருவம்னு சொல்றீங்க. இங்க எப்பவும் ஒரே மாதிரிதானே இருக்கு? அப்ப ரெண்டுமே நம்ம ஊருக்குச் சொன்னது இல்லையா?"

முப்பது ஆண்டுக்கு மேல் பாடம் நடத்தியவன் நான். ஆயினும் அன்று அடுத்த வாரம் சொல்கிறேன் என்று ஒத்திப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். அக்கேள்வி எளிதில் விடவில்லை. புத்தகத்தின் நான்கும் நமக்குரியதன்று, முன்னோர் சொன்ன ஆறும் நமக்குரியதன்று என்றால், ஐந்து தலைமுறையாக நெகிரி செம்பிலான் தோட்டங்களில் பிறந்து, உழைத்து, அங்கேயே மண்ணோடு மண்ணாகியும் நமக்கென்று ஓர் ஆண்டு வட்டம் இல்லாமல் போய்விடும். பஞ்சாங்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு வேறோர் ஊரின் வானத்தை வணங்குகிறவர்கள் என்றாகிவிடும். ஆகவே சற்று ஆற அமர இதனை ஆராய்ந்து பார்க்க முற்பட்டேன்.

நான்கு என்ற கணக்கு வந்த வழி

முதலில் ஒரு தவறான எண்ணத்தை அகற்றிவிட வேண்டும். சூரியனுக்கு அருகே பூமி செல்லும்போது கோடை வருகிறது, விலகிச் செல்லும்போது குளிர் வருகிறது என்று பெரியவர்களிலேயே பலர் எண்ணிக் கொண்டிருக்கிறார்கள். உண்மை அதுவன்று. பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரித் தொடக்கத்தில். மிகத் தொலைவில் இருப்பது ஜூலைத் தொடக்கத்தில். அருகாமைதான் காரணமென்றால் இலண்டன் மாநகரம் ஜனவரியில் கொதிக்க வேண்டும்.

பருவங்களுக்குக் காரணம் பூமியின் சாய்வே ஆகும். பூமியின் அச்சு ஏறத்தாழ 23.5 பாகை சாய்ந்திருக்கிறது. சாய்ந்த நிலையிலேயே அது சூரியனைச் சுற்றி வருவதால், ஆண்டில் பாதிக் காலம் வடபகுதியும் மறுபாதி தென்பகுதியும் சூரியனை நோக்கியிருக்கின்றன. இலண்டனில் ஜூன் மாதத்துப் பகல் பதினாறரை மணி நேரத்துக்கு மேல் நீளும். டிசம்பரிலோ எட்டு மணி நேரத்திற்கும் குறைந்துவிடும். கதிர் நேராக விழும் நீண்ட பகலுக்கும், சாய்ந்து விழும் குறுகிய பகலுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டினால்தான் அங்கே இளவேனில், கோடை, இலையுதிர்காலம், குளிர்காலம் என நான்கும் தெளிவாகப் பிரிந்து நிற்கின்றன.

நமது சிரம்பான் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே மூன்று பாகைக்கும் குறைவான தொலைவில் இருக்கிறது. ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இங்குள்ள வேறுபாடு ஏறத்தாழ இருபது நிமிடமே. மார்ச் கடைசியில் ஒருமுறையும் செப்டம்பர் நடுவில் ஒருமுறையுமாகச் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே வருகிறது. மாதச் சராசரி வெப்பநிலையை எடுத்துப் பார்த்தாலோ, மேற்குக் கரை மாநிலங்களில் ஆண்டு முழுவதற்கும் இரண்டு பாகைக்குள்தான் ஏற்ற இறக்கம். ஒரே நாளில் நண்பகலுக்கும் விடியற்காலைக்கும் இருக்கும் வேறுபாடு அதைவிடப் பன்மடங்கு. உள்நாட்டுப் பகுதிகளில் எட்டு முதல் பன்னிரண்டு பாகை வரை போகும். ஐந்து மணிக்குப் பெரட்டுக்கு நின்றவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. தலையில் துண்டைச் சுற்றி, பழைய சட்டைக்கு மேல் இன்னொரு சட்டை போட்டுக்கொண்டு போன அப்பாக்களும் அம்மாக்களும் பதினொரு மணிக்கு வியர்வையில் நனைந்து திரும்புவார்கள்.

எனவே வெப்பத்தை அளவுகோலாகக் கொண்டால் புத்தகத்தின் நான்கு பருவங்கள் நமக்கு இல்லை. இதில் மழுப்ப ஒன்றுமில்லை. அந்தச் சிறுமி சொன்னது சரிதான். ஆனால் வெப்பம் மட்டுமே அளவுகோல் என்று யார் விதித்தார்கள்?

நம் முன்னோர் வகுத்த பெரும்பொழுதுகள் ஆறு. ஆவணி, புரட்டாசி கார். ஐப்பசி, கார்த்திகை கூதிர். மார்கழி, தை முன்பனி. மாசி, பங்குனி பின்பனி. சித்திரை, வைகாசி இளவேனில். ஆனி, ஆடி முதுவேனில். தொல்காப்பியம் இவ்வாறு பெரும்பொழுதைச் சொல்லத் தொடங்குவது கார்காலத்திலிருந்து என்பது கருதத்தக்கது. வெயிலை வைத்து அல்ல, மழையை வைத்தே ஆண்டைத் திறந்திருக்கிறார்கள். இங்கே 'பனி' என்ற சொல்லையும் பிள்ளைகளுக்கு விளக்கியாக வேண்டும். புல்நுனியில் நிற்கும் பனித்துளியும், காலையில் படரும் மூடுபனியுமே நம் இலக்கியத்துப் பனி. படத்திலே கூரை மேல் வெள்ளையாகக் குவிந்திருப்பது உறைபனி. ஒரு சொல் இரண்டுக்கும் வழங்குவதால், மார்கழி என்றதும் பிள்ளைகள் இமயமலையை நினைத்துக் கொள்கிறார்கள். அத்தனை நாளும் இதை விளக்காமல் விட்டது என் குறையே.

இன்றைய அறிவியலும் வெப்ப நாடுகளின் ஆண்டை மழையைக் கொண்டே பிரிக்கிறது. இந்திய வானிலைத் துறை ஆண்டை நான்காகத்தான் பகுக்கிறது: ஜனவரி, பிப்ரவரி குளிர்காலம், மார்ச் முதல் மே வரை கோடை, ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை, தமிழகத்தைப் பொறுத்தவரை, வடகிழக்குப் பருவமழை. இலங்கையிலும் நான்கே. இரண்டு பருவக்காற்றுக் காலங்கள், அவற்றுக்கு நடுவே இரண்டு இடைக்காலங்கள். மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களில் இருக்கும் நம் மக்கள் அந்தக் கணக்கில்தான் கொழுந்து பறிக்கிறார்கள். பழைய எகிப்தியர்களுக்குப் பருவங்கள் மூன்று. நைல் நதி பெருகும் காலம், பயிர் முளைக்கும் காலம், அறுவடைக் காலம். ஆஸ்திரேலியாவின் வடக்கே ககாடு பகுதியின் பழங்குடி மக்கள் நம்மைப் போலவே ஆறு பருவம் எண்ணுகிறார்கள். அவர்களுடைய ஆறும் நம்முடைய ஆறும் ஒன்றல்ல, எண்ணிக்கைதான் ஒன்று.

நம் நாட்டு வானிலைத் துறையோ நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று என்றும், மே கடைசி முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று என்றும், இவற்றுக்கிடையே இரண்டு மாறுகாலங்கள் என்றும் வகுத்திருக்கிறது. கூட்டிப் பாருங்கள், நான்கு வருகிறது! ஆகவே "நான்கு பருவம் உண்டா?" என்று கேட்டால் "உண்டு, ஆனால் அந்த நான்கு அல்ல" என்று சொல்லலாம். சாமர்த்தியமான பதில்தான். ஆனால் எனக்கு இதில் நிறைவு ஏற்படவில்லை. வானொலியில் வாசிக்கும் நான்கு வேறு. உடம்பும் வயிறும் உணரும் நான்கு வேறு.

நெகிரி செம்பிலான் வானம்

கிளந்தானிலும் திரெங்கானுவிலும் ஆண்டு இறுதியில் வடகிழக்குக் காற்று நேரே கடலிலிருந்து வந்து கொட்டுகிறது. நமக்கும் அவர்களுக்கும் நடுவே தீத்திவங்சா மலைத்தொடர் நிற்பதால், நம் மாநிலத்துக்கு மழை இரண்டு கொத்தாக வருகிறது. அக்டோபர், நவம்பரில் பெரிய மழை. ஏப்ரல், மே மாதங்களில் இரண்டாவது மழை. இரண்டுக்கும் நடுவே பிப்ரவரியை ஒட்டி ஒரு காய்ச்சல், ஜூன், ஜூலையில் இன்னொரு காய்ச்சல். இதைத் தமிழ் மாதத்துக்கு மாற்றினால் ஐப்பசி, கார்த்திகை அடைமழை அப்படியே பொருந்திவிடுகிறது. சித்திரை, வைகாசி அக்கினி வெயிலுக்குப் பதிலாக இங்கே மாலைதோறும் இடியும் மழையும்.

மாநிலத்துக்குள்ளேயும் எல்லா இடமும் ஒன்றல்ல. ஜெலுபு மாவட்டத்துக் கோலா கிளாவாங், மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கு. இரு பக்கத்துக் காற்றும் மலையிலேயே மழையை இறக்கிவிட்டு வருவதால், தீபகற்பத்தில் மிகக் குறைவாக மழை பெறும் ஊர் என்று அதைச் சொல்வார்கள். அங்கேயும் ஆண்டுக்குச் சுமார் 1,600 மில்லிமீட்டர் பெய்கிறது. சென்னை பெறுவதைவிட அது அதிகம். நம் நாட்டின் வறட்சியே தமிழ்நாட்டுக்குச் செழிப்பு என்பதை எண்ணிப் பார்க்கையில், கப்பலில் வந்திறங்கிய நம் மூதாதையருக்கு இந்தப் பச்சை எப்படித் தோன்றியிருக்கும்!

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில், பின்னிரவில் சுமத்ராவின் பக்கமிருந்து மேகக்கூட்டம் வரிசையாகத் திரண்டு, மலாக்கா நீரிணையைக் கடந்து, விடிவதற்குச் சற்று முன்பாக நம் மேற்குக் கரையில் மோதும். பலத்த காற்று, ஒன்றிரண்டு மணி நேரக் கனமழை, பிறகு தெளிவு. 'சுமத்ராக் காற்று' என்றே இதற்குப் பெயர். போர்ட்டிக்சன் கடலோரத் தோட்டங்களில் இருந்தவர்கள் இதை நன்கு அறிவார்கள். மாதக் கணக்கில் பார்த்தால் மழை குறைந்த காலந்தான். ஆனால் அந்த மழை வரும் நேரம் பால்வெட்டும் நேரம்.

பட்டை நனைந்துவிட்டால் உளியால் கீறிய கோட்டில் பால் நிற்காது. மரமெங்கும் வழிந்து வீணாகிவிடும். வெட்டிய பிறகு மழை வந்தாலோ மங்கில் இருக்கும் பாலும் மழைநீரும் கலந்து போகும். மழை விட்டு ஒன்பது மணிக்கு மேல் வெட்டப் போனால் விடியற்காலையில் இருக்கும் வேகம் மரத்தில் இராது, பால் குறைவு. மழை என்றால் நாள் போயிற்று. நாள் போனால் கூலி போயிற்று. வெளியூரிலிருந்து வந்தவர்கள் "என்ன அருமையான மழை!" என்பார்கள். லயத்தின் ஐந்தடி வாசலில் குந்தியபடி அதைப் பார்த்துக் கொண்டிருக்கும் என் தந்தையின் முகத்தில் அந்த அருமை தெரியாது.

கோவில் கணக்கு நோட்டு

என் தந்தையார் பால்வெட்டுத் தொழிலாளர். எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோவிலுக்குப் பல ஆண்டுகள் பொருளாளராகவும் இருந்தார். சம்பள நாளில் கோவில் பணம் வாங்கி, நீல அட்டை போட்ட நோட்டில் பெயர் பெயராக எழுதி வைப்பார். பருவத்தைப் பற்றி யோசித்துக் கொண்டிருந்த அந்த வாரத்தில், பழைய பெட்டியைத் திறந்து அந்த நோட்டுகளை எடுத்தேன். திருவிழாச் செலவைப் பார்க்கலாம் என்றுதான் புரட்டினேன். ஆண்டைத் தேடிக் கொண்டிருந்த எனக்கு அது அங்கே கிடைத்தது.

ஒவ்வோர் ஆண்டும் இரண்டு இடங்களில் பக்கம் மெலிந்திருந்தது. ஐப்பசி, கார்த்திகையில் பல பெயர்களுக்கு நேரே பாதித் தொகை. சிலவற்றில் "அடுத்த மாதம்" என்ற குறிப்பு. பிறகு தையில் சற்று நிமிர்ந்து, மாசி, பங்குனியில் மீண்டும் மெலிவு. சில பெயர்களுக்கு நேரே வெறும் கோடு. முதலாவது மழையினால் என்பது புரிந்தது. வெயில் கொளுத்தும் மாசியில் ஏன்?

அதுதான் இலையுதிர் காலம். பால்மரம் ஆண்டுக்கொரு முறை, நம் மாநிலத்தில் பிப்ரவரி முதல் ஏப்ரலுக்குள், இலையை முழுக்க உதிர்த்துவிடும். இலைகள் முதலில் மஞ்சளாகி, செம்மையாகி, பிறகு ஒரு காற்றுக்கு மொத்தமாகக் கொட்டும். வேலைக்காட்டில் நடந்தால் கணுக்கால் வரை சருகு. பாடப் புத்தகத்தில் சிவப்பு இலை விழும் படத்தை வேற்று நாட்டுப் படமென்று காட்டுகிறார்கள். என் இளமையில் அது எங்கள் லயத்துப் பின்புறம். இரண்டு, மூன்று வாரத்தில் செம்பு நிறத்தில் தளிர் வரும். அதன் பின்னாலேயே சின்னஞ்சிறு மஞ்சள் பூ, தேன் மணம். தளிர் முற்றிப் பச்சையாகும் வரை மரம் தன் சத்தையெல்லாம் இலைக்கே கொடுப்பதால் பால் வெகுவாகச் சுருங்கிவிடும். அந்நாட்களில் பாலுக்கு ஏற்றபடி கூலி. ஆகையால் மாசி பிறந்தால் தாலிக்கொடி நீங்கலாக உள்ள நகைகள் சிரம்பானில் அடகுக்கடைக்குப் போகும். வைகாசிக்கு மேல்தான் திரும்பும். சில தாலிக்கொடிகளும் போனதுண்டு.

வெள்ளைக்காரத் துரைமார்கள் இதற்கு 'விண்டரிங்', அதாவது குளிர்காலம் காண்பது, என்று பெயர் வைத்திருந்தார்கள். ஆண்டின் வறண்ட வெயிலுக்கு இங்கிலாந்துக் குளிரின் பெயர்! இலை உதிர்ந்தால் குளிர்காலம் என்று அவர்களுடைய ஊர் அவர்களுக்குச் சொல்லியிருந்தது. மார்கழி என்றால் பனி என்று நம்முடைய ஊர் நமக்குச் சொல்லியிருந்ததைப் போலத்தான். மரம் மட்டும் இந்த ஊர் வறட்சியைப் பார்த்து இலையை உதிர்த்துக் கொண்டிருந்தது.

அந்த மரத்தின் கதையும் எண்ணத்தக்கது. அதுவும் இந்த மண்ணில் பிறந்ததல்ல. 1876இல் பிரேசில் நாட்டின் தப்பஜோஸ் ஆற்றுப் பகுதியிலிருந்து ஹென்றி விக்ஹம் என்பவர் சுமார் 70,000 விதைகளை இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றார். கியூ தாவரத் தோட்டத்தில் முளைத்தவற்றில் 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூருக்கு வந்தன. நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இருக்கும் அந்த ஆற்றுப் பகுதியில் வறண்ட மாதங்கள் ஆண்டின் பிற்பாதியில் வருகின்றன. இங்கே வந்த மரம் அந்தப் பழைய மாதங்களைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை; இங்குள்ள வறட்சி எப்போது வருகிறதோ அப்போது இலையைக் கொட்டக் கற்றுக்கொண்டது. வறட்சி தெளிவாக வரும் இடத்தில் தோட்டம் முழுவதும் ஒன்றாக உதிர்க்கும். ஈரம் விடாத இடத்தில் முன்னும் பின்னுமாக உதிர்க்கும்.

பூ உதிர்ந்து காய் பிடித்து, ஆவணி வாக்கில் காய் முற்றி வெடிக்கும். நண்பகலின் அமைதியில் காடு முழுதும் பட், பட் என்று கேட்கும். நாங்கள் பள்ளிவிட்டு வந்து கொட்டை பொறுக்குவோம். நாற்றங்காலுக்கு வேண்டியபோது கிராணி வாங்கிக்கொண்டு சில்லறை தருவார். வேண்டாதபோது அவை எங்களுக்குக் கோலிக்குண்டு.

என் அப்பாயி முசிறிப் பக்கத்துக் காவிரிக்கரையிலிருந்து கங்காணியோடு இளம் மணப்பெண்ணாக வந்தவர். ஆடிப் பதினெட்டு வந்தால் மாவிளக்கும் மஞ்சளும் எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குக் கீழே ஓடும் சிற்றாற்றுக்கு எங்களை அழைத்துப் போவார். குடகுமலையில் தென்மேற்கு மழை கொட்டிக் காவிரி நுங்கும் நுரையுமாகப் பெருகும் நாள் அது. எங்கள் ஆற்றில் ஆடி மாதம் கணுக்கால் அளவு தண்ணீர். மணல் திட்டு தெரியும். "அப்பாயி, பெருக்குன்னு சொல்றீங்க, தண்ணியே இல்லையே?" என்று கேட்டேன். "இங்க வரலைன்னா என்னடா, ஊர்ல வந்திருக்கும்ல" என்று சொல்லிக்கொண்டே மஞ்சள் கயிற்றை என் அக்காள் கழுத்தில் கட்டினார். அதே அப்பாயி, ஐப்பசியில் வானம் கறுத்தவுடன் விறகை லயத்துக்குள்ளே அடுக்கச் சொல்வார். பங்குனியில் தளிர் சிவக்கக் கண்டால் "இன்னும் ஒரு மாசந்தான், தாங்கிக்கோங்க" என்று என் தாயாரிடம் சொல்வார். ஊருக்கான ஆண்டும் தோட்டத்துக்கான ஆண்டும் அவரிடம் சண்டையில்லாமல் இருந்தன. டர்பனிலும் சிட்னியிலும் வாழும் நம்மவர்களுக்கு மார்கழி முழுக் கோடையாகவே வருகிறது. அவர்களும் நீராடித் திருவெம்பாவை ஓதத்தான் செய்கிறார்கள்.

எங்கள் கோவில் திருவிழா சித்திரையில். அது மாறுகாலம் என்பதால் பிற்பகலில் திரளும் மேகம் மாலையில் இடித்துக் கொட்டிவிட்டு, எட்டு மணிக்கெல்லாம் பெரும்பாலும் ஓய்ந்துவிடும். இரதம் புறப்படும் நேரம் இரவு ஒன்பது என்று பெரியவர்கள் வைத்திருந்ததன் காரணம் எனக்கு வெகு காலம் தெரியாது. ஏதோ சாத்திரம் என்று எண்ணியிருந்தேன். பிற்பாடு இளைஞர்கள், மறுநாள் வேலைக்குப் போக வேண்டுமே என்று ஆறு மணிக்கு மாற்றினார்கள். இரண்டு ஆண்டு தொடர்ந்து அம்மன் அலங்காரமும் நாதசுவரக்காரர் மேளமும் நனைந்தன. மூன்றாம் ஆண்டு மீண்டும் ஒன்பது மணியானது. திருவிழாவையே பள்ளி விடுமுறைக்குத் தள்ளலாம் என்ற யோசனையும் அவ்வப்போது வருகிறது. என் கருத்தைக் கேட்டால், வேண்டாம் என்பேன்.

இப்போது அந்த ஆண்டு வட்டம் கண்ணுக்குத் தெரிவதில்லை. எங்கள் தோட்டத்தில் பால்மரத்தை வெட்டிச் செம்பனை நட்டார்கள். பின்னர் செம்பனையும் போய் வீடமைப்புப் பகுதி வந்தது. நீலாய், சிரம்பான் வட்டாரத்தில் பல தோட்டங்களின் கதை இதுவே. செம்பனை என்றும் பச்சை. அதற்கும் ஆண்டின் பிற்பாதியில் காய்ப்பு மிகும் மாதங்கள் உண்டு. ஆனால் லாரியில் ஏறும் குலைகளை எண்ணுபவருக்குத் தவிர வேறெவருக்கும் அது தெரியாது. மாதச் சம்பளக்காரர் பிள்ளைகளுக்கு மழை என்பது சாலை நெரிசல். இதற்காக நான் வருந்தச் சொல்லவில்லை. 2013 ஜனவரியில் தீபகற்பத்தில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 900 ரிங்கிட் என்று நடைமுறைக்கு வந்த செய்தியைப் படித்த அன்று, அந்த நோட்டில் வெறும் கோடு போட்டிருந்த பெயர்களைத்தான் நினைத்தேன். இலை உதிர்ந்தால் அடுப்பு அணையும் வாழ்க்கை எந்தப் பிள்ளைக்கும் வேண்டாம்.

அந்தப் பழைய வட்டத்தோடு புதிதாகச் சிலவும் சேர்ந்துவிட்டன. 1997, 2015, 2019 ஆண்டுகளில் தென்மேற்குப் பருவக்காற்றின் வறண்ட மாதங்களில் சுமத்ரா, களிமந்தான் காடுகளும் கரிநிலங்களும் எரிந்து, அந்தப் புகை நம் வானத்தை மூடியது. ஆவணி, புரட்டாசி என்றால் முகக்கவசம் என்று ஒரு தலைமுறைப் பிள்ளைகள் நினைவில் வைத்திருக்கிறார்கள். எந்தப் பெரும்பொழுதிலும் இல்லாத பருவம் அது, மனிதன் உண்டாக்கியது. 2021 டிசம்பரில் நம் மாநிலமும் வெள்ளத்தில் சிக்கியது. எஞ்சிய பால்மரங்களையும் 2017 முதல் ஒரு புதிய இலைநோய் பற்றியிருக்கிறது. நோய் கண்ட மரம் மாசிக்குக் காத்திராமல் எந்த மாதத்திலும் இலையைக் கொட்டுகிறது. இலை விழுவதைப் பார்த்து மாதம் சொன்ன அப்பாயி இன்று இருந்தால் குழம்பிப் போவார்.

அடுத்த ஞாயிறு அந்தச் சிறுமிக்கு இவ்வளவையும் சொல்லவில்லை. பத்து வயதுக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு சொன்னேன். புத்தகத்து நான்கு பருவம் வெயில் சாய்ந்து விழும் நாடுகளுக்கு என்றேன். ஆறு பருவம் நம் பாட்டன் ஊருக்கு. அதை நாம் வழிபாட்டில் வைத்திருக்கிறோம் என்றேன். இந்த ஊருக்கும் பருவம் உண்டு, ஆனால் அதை எவரும் படம் போட்டுத் தரவில்லை, நாம்தான் பார்க்க வேண்டும் என்றேன். நீல அட்டை நோட்டைக் காட்டினேன். அவள் அதில் தன் கொள்ளுத்தாத்தா பெயரைக் கண்டுபிடித்தாள். மாசிக்கு நேரே கோடு. "ஏன் ஐயா தாத்தா பணம் கட்டல?" என்று கேட்டாள். அவளைக் கூட்டிக்கொண்டு வெளியே போனேன்.

நமது அறநிலைய மண்டபத்தின் பின்புறம், வேலியோரமாக ஐந்து பால்மரங்கள் வெட்டப்படாமல் நிற்கின்றன. நன்கொடையாளர் பெருமக்கள் பலர் வாகனம் நிறுத்தும்போது பார்த்திருப்பீர்கள். அந்த இடத்தைச் சமன்படுத்தித் தார் போடும் திட்டம் வந்தபோது, இவற்றை மட்டும் விட்டுவைக்கும்படி அறங்காவலர்களிடம் கேட்டுக்கொண்டேன்; அன்புடன் இசைந்தார்கள். பிள்ளைகள் இப்போது ஒரு புதிய நோட்டுப் போட்டிருக்கிறார்கள். ஞாயிறுதோறும் வகுப்புக்கு முன் மரத்தடிக்குப் போய் அன்றைய தமிழ்த் தேதியும் கண்டதும் எழுத வேண்டும். பெரும்பாலும் "ஒன்றுமில்லை" என்றே எழுதியிருக்கும். சென்ற மாசியில் அச்சிறுமியின் கையெழுத்தில் இப்படி இருந்தது:

"மாசி 6. மூன்று மரம் கொட்டிவிட்டது. ஒரு மரம் மஞ்சள். வேலி ஓரத்து மரம் இன்னும் பச்சை. நேற்று சாயங்காலம் மழை."